கேளுங்கள், சொல்கிறேன்: ஒரு கிழட்டு டிராகனைப் பிடித்துக்கொண்டு

கேள்வி: ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘ஃபயர் அண்ட் பிளட்’ படிக்கிறேன். ஏகான், ஏமான், ஏமண்ட் என்று ஒரே சாயலில் பெயர்கள், தலை சுற்றுகிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம், நிறுத்தாதீர்கள். 2018-இல் வந்த இந்தப் புத்தகம், நாவல் என்பதைவிட ஒரு கற்பனை அரச வம்சத்தின் வரலாறு போல எழுதப்பட்டது. அரசர்களைப் பின்தொடர்ந்து நானும் முதலில் திணறினேன். அப்புறம் வேகார் என்ற பெண் டிராகனைப் பிடித்துக்கொண்டேன், வழி தெளிந்தது. நாடு பிடிக்கும் போரில் அதன்மேல் ராணி விசேன்யா ஏறி வருகிறாள். பிறகு பேலான், லேனா, கடைசியில் ஏமண்ட். மனிதத் தலைமுறைகள் மாறுகின்றன, வேகார் மட்டும் பெருத்துக்கொண்டே போகிறது. ஏமண்ட் அதை வசப்படுத்திய அதே நாளில்தான், சிறுவர்களுக்குள் மூண்ட சண்டையில், லூசெரிஸ் என்ற சிறுவனிடம் ஒரு கண்ணை இழக்கிறான். அந்தச் சண்டையின் பகை தீரவே இல்லை. வருடங்கள் கழித்து, புயலில், லூசெரிஸின் இளம் டிராகன் அராக்ஸை வேகார் கிழித்துப்போடுகிறது. மூன்று நாள் கழித்து அராக்ஸின் தலையும் கழுத்தும் பாறையடியில் கரை ஒதுங்குகின்றன. அந்த வரியில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பெயர்களுக்கு, பின்பக்கத்தில் உள்ள வம்சாவளியில் ஒரு அடையாள அட்டை செருகி வையுங்கள். சரி, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.