"விசிட்டில் போய் மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார் ஏஜென்ட். போகலாமா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு வரை படித்த வெல்டர் நான், ராமநாதபுரம் மாவட்டம். துபாயில் வேலை என்று ஏஜென்ட் 1,20,000 ரூபாய் கேட்கிறார். 50,000 கொடுத்துவிட்டேன். பாஸ்போர்ட்டும் அவரிடம்தான். இப்போது விசிட் விசாவில் போகச் சொல்கிறார். விமான நிலையத்தில் கேட்டால் "மைத்துனரைப் பார்க்கப் போகிறேன்" என்று சொல்ல வேண்டுமாம். என் மாமாவும் இப்படித்தான் போனார். போகலாமா?

பதில்: போக வேண்டாம். முதலில் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்குங்கள். 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி அது மத்திய அரசின் சொத்து. மீதிப் பணத்துக்கு ஈடாக அதைப் பிடித்து வைக்க ஏஜென்டுக்கு உரிமை இல்லை.

பத்தாம் வகுப்பு தேறாததால் உங்கள் பாஸ்போர்ட் இ.சி.ஆர். (குடிபெயர்வு அனுமதி தேவைப்படும்) வகையாக இருக்கும். அத்தகையவர்கள் துபாய் அடங்கிய ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். சுற்றுலா செல்வோருக்கு அது தேவையில்லை. அந்த இடுக்கில்தான் ஏஜென்ட் உங்களை நுழைக்கப் பார்க்கிறார். அதிகாரி இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டால் திருப்பி அனுப்பப்படுவது நீங்கள்தான். அவர் வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்.

உங்கள் மாமா அப்படிப் போனது பொய்யாக இருக்காது. அமீரகத்துக்குள் இருந்தபடியே விசிட் விசாவை வேலை விசாவாக மாற்ற வழி உண்டு. ஆனால் அதைச் செய்ய வேண்டியது கம்பெனி. அது மனம் மாறினால், பதிவான ஒப்பந்தம் இல்லாமல் சம்பளத்தை எதை வைத்துக் கேட்பீர்கள்? விசிட்டில் இருந்துகொண்டு வேலை பார்ப்பதே அங்கு குற்றம். காலக்கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம்.

முறையான வழியில் முதலில் வருவது கம்பெனி தரும் வேலை வாய்ப்புக் கடிதம் (ஆஃபர் லெட்டர்). அமீரக மனிதவள அமைச்சகத்தின் படிவத்தில், அரபி, ஆங்கிலத்தோடு தமிழிலும் அதைக் கேட்டு வாங்கலாம். அடிப்படைச் சம்பளத்தைத் தனியாகப் பாருங்கள். படிகளைக் கூட்டிக் காட்டிய தொகையில் மயங்க வேண்டாம். அதற்குப் பிறகுதான் வேலைக்கான நுழைவு அனுமதி. அந்தத் தாளில் ஸ்பான்சர் என்ற இடத்தில் கம்பெனியின் பெயர் இருக்க வேண்டும். டிராவல்ஸ் பெயர் இருந்தால் அது சுற்றுலாத் தாள்.

பிறகு இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் குடிபெயர்வு அனுமதி. உங்கள் வகையினருக்குப் பிரவாசி பாரதீய பீமா யோஜனா காப்பீடும் கட்டாயம்: இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாயும் வரியும், விபத்து மரணத்துக்கு 10 லட்சம்.

பணத்தைப் பற்றி: பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். அமீரகச் சட்டமோ ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கவே தடை விதிக்கிறது. உங்கள் ஏஜென்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். இ-மைக்ரேட்டில் தேடினால் உண்மை தெரிந்துவிடும். "நான் பதிவு பெற்ற ஒருவருக்குச் சப்-ஏஜென்ட்" என்ற பதில் செல்லாது.

பணத்தையோ பாஸ்போர்ட்டையோ தர மறுத்தால், பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் செய்திகள், குரல் பதிவுகள் ஆகியவற்றோடு சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். அதே மனுவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் கொடுத்து ரசீது வாங்குங்கள். "விசிட்டில் போ" என்று அவர் சொன்ன குரல் பதிவு இருந்தால் அழித்துவிடாதீர்கள்.