அதே மொழி என்னும் மயக்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் மதுரையில் பிறந்தவள். இருபத்து மூன்று வயதில் திருமணமாகி டெக்சஸ் மாநிலத்தின் டாலஸ் நகருக்கு அருகே குடியேறி, இருபத்திரண்டு ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து, அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றேன். கணவரின் பணிமாற்றம் காரணமாக ஏழு மாதங்களுக்கு முன்பு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகருக்கு வந்தோம். நீங்கள் இந்த ஊரில் ஒன்பது ஆண்டுகள் இருந்தவர் என்பதால் எழுதுகிறேன்.

வந்த அன்றே என் மிக்சி எரிந்துபோனது. கைகழுவும் இடத்தில் இரண்டு குழாய்கள். ஒன்றில் கொதிநீர், மற்றொன்றில் பனிநீர். இருபது ஆண்டுகளாகக் கார் ஓட்டிய நான் மறுபடியும் தேர்வு எழுத வேண்டுமாம். வரிக்கணக்கை இரண்டு நாடுகளுக்கும் காட்ட வேண்டுமாம். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. மருத்துவரின் சீட்டில் 3/12 என்றிருந்ததை மார்ச் 12 என்று படித்து, டிசம்பர் 3 அன்று போகத் தவறினேன். முன்பின் அறியாத பேருந்து ஓட்டுநர் என்னை ‘லவ்’ என்று அழைக்கிறார். அக்கம்பக்கத்தார் ‘ஆல்ரைட்?’ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போகிறார்கள். இதுவரை ஒருவரும் எங்கள் கதவைத் தட்டவில்லை. இவர்கள் போலியானவர்கள் என்று தோன்றுகிறது. அமெரிக்கர்களின் நன்றித் திருநாளான தேங்க்ஸ்கிவிங் சாதாரண வேலைநாளாகக் கழிந்தபோது சமையலறையில் நின்று அழுதேன். கடையில் வாய் திறந்தால் ‘அமெரிக்காவில் எந்தப் பக்கம்?’ என்கிறார்கள், டாலஸிலோ இருபத்திரண்டு ஆண்டுகளும் ‘உங்கள் சொந்த நாடு எது?’ என்றே கேட்டார்கள். ஒருமுறை நாடு மாறிப் பழகியவளுக்கு, அதுவும் அதே ஆங்கிலம் பேசும் ஊரில், இது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது? எத்தனை ஆண்டுகளில் இது என் ஊராகும்?

ஒரு வாசகி, ஷெஃபீல்டு

அன்புள்ள தங்கைக்கு,

எல்லாக் கடிதங்களுக்கும் நான் பொதுவில் பதில் எழுதுவதில்லை. நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு செய்தி என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. டாலஸில் இருபத்திரண்டு ஆண்டுகள் இந்தியராகவே இருந்த நீங்கள், ஷெஃபீல்டின் ஒரு கடையில் வாய் திறந்த நொடியில் அமெரிக்கராகிவிட்டீர்கள். குடியுரிமைச் சான்றிதழால் தர முடியாததை, கல்லாவில் இருந்த ஒரு பெண்ணின் காது தந்துவிட்டது. நாம் எந்த ஊர்க்காரர் என்பதை அந்த ஊரைவிட்டு வந்த பிறகு அயலார் சொல்லித்தான் அறிகிறோமோ என்று சில மாதங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

சிறியவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். அமெரிக்க வீடுகளில் மின்சாரம் 120 வோல்ட், பிரிட்டனில் 230. டாலஸ் மிக்சி எரியாமல் இருந்திருந்தால்தான் வியப்பு. மதுரையில் உங்கள் அம்மாவின் சமையலறையில் ஓடும் மிக்சி, ப்ளக்கை மட்டும் மாற்றினால் ஷெஃபீல்டில் ஓடும், ஏனென்றால் இந்தியாவிலும் அதே 230 வோல்ட்தான். ஊரிலிருந்து வருகிறவரிடம் சொல்லி வரவழையுங்கள். குழாய்கள் இரண்டாக இருப்பதற்குக் காரணம், பழைய வீடுகளில் தண்ணீர் நேரே தெருக்குழாயிலிருந்தும், வெந்நீர் பரணிலிருந்த தொட்டியின் வழியாகவும் வந்ததுதான். தொட்டி நீர் குடிநீரோடு கலந்துவிடக்கூடாது என்று பிரித்து வைத்தார்கள். வாளியில் வெந்நீர் விளாவிக் குளித்து வளர்ந்த உங்களுக்கு இது ஒரு குறையா? வரியைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அமெரிக்கக் குடிமக்கள் உலகில் எங்கே வாழ்ந்தாலும் ஆண்டுதோறும் அந்நாட்டு அரசுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் உள்ள தொகை எல்லாம் சேர்ந்து 10,000 டாலரைத் தாண்டினால் அதையும் தெரிவிக்க வேண்டும். இரு நாட்டுச் சட்டமும் அறிந்த கணக்காளரைப் பார்த்துவிடுங்கள்.

ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அமெரிக்க உரிமத்தை வைத்துக்கொண்டு பிரிட்டனில் குடியேறியவர் பன்னிரண்டு மாதங்கள்தான் ஓட்டலாம். அதைக் கொடுத்துவிட்டு பிரிட்டன் உரிமமாக மாற்றிக்கொள்ள வழியில்லை; எழுத்துத் தேர்விலும் சாலைத் தேர்விலும் தேறியே ஆக வேண்டும். சாலைத் தேர்வுக்கு நாள் கிடைக்கவே பல மாதங்கள் ஆகும். ஏழு மாதங்களை மனக்கசப்பிலேயே போக்கிவிட்டீர்கள். இன்றே விண்ணப்பியுங்கள்.

இருட்டைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் சிறியதாக நினைக்கவில்லை. மதுரையிலிருந்து டாலஸ் எவ்வளவு வடக்கோ, ஏறக்குறைய அவ்வளவு வடக்கில் இருக்கிறது டாலஸிலிருந்து ஷெஃபீல்டு. உடல் அதை அறியும், கலங்கும். பகலில் கிடைக்கும் வெளிச்சத்தில் ஒரு மணி நேரமாவது வெளியே நடங்கள். ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரை மணிக்கும் வானம் வெளுத்திருக்கும்போது இதே ஊரை நீங்கள் வேறு கண்ணால் பார்ப்பீர்கள்.

இனி ‘போலியானவர்கள்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. உங்கள் துன்பத்தின் வேர் அந்த மக்களிடம் இல்லை; ‘அதே ஆங்கிலம்’ என்று நீங்கள் எழுதிய இரண்டு சொற்களில் இருக்கிறது. டாலஸுக்குப் போன முதல் ஆண்டை நினைத்துப் பாருங்கள். லிஃப்ட் என்று சொல்லி வளர்ந்தவர் எலிவேட்டர் என்று சொல்லக் கற்றீர்கள். டார்ச் ஃப்ளாஷ்லைட் ஆயிற்று, பெட்ரோல் கேஸ் ஆயிற்று, பிஸ்கட் குக்கி ஆயிற்று. பள்ளியில் நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதிய கை, மாதத்தை முன்னால் எழுதப் பழகியது. தெரியாத ஊர் என்று நீங்களே ஒப்புக்கொண்டதால், குழந்தையைப் போல ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக் கற்றுக்கொண்டீர்கள். ஷெஃபீல்டுக்கு வரும்போது அந்தப் பணிவு உங்களிடம் இல்லை. எல்லாம் தெரிந்த மொழிதானே என்று காதை மூடிக்கொண்டு வந்துவிட்டீர்கள். மருத்துவரின் சீட்டில் இருந்த 3/12 என்பதை மதுரைப் பள்ளி மாணவி சரியாகப் படித்திருப்பாள்.

அறியாத மொழி பேசும் நாட்டில் நமக்கு ஒன்று புரியாதபோது, புரியவில்லை என்பதாவது நமக்குத் தெரியும். அதே மொழி பேசும் நாட்டில் புரிந்துவிட்டது என்று நம்பிக்கொண்டே தவறாகப் புரிந்துகொள்கிறோம், பிறகு எதிரில் இருப்பவரின் குணத்தின்மேல் பழியைப் போடுகிறோம். ‘ஆல்ரைட்?’ என்பது கேள்வியே அல்ல, அது வணக்கம். திரும்ப ‘ஆல்ரைட்’ என்று சொல்லிவிட்டு நடந்தால் போதும். நம் தெருவில் எதிரே வருகிறவர் ‘என்ன, சாப்பிட்டாச்சா?’ என்று கேட்டால், காலையில் எத்தனை இட்லி சாப்பிட்டீர்கள் என்று நின்று விவரிப்பீர்களா? டாலஸில் ‘ஹவ் ஆர் யூ’ என்று கேட்டவர்களும் பதிலுக்கு நிற்கவில்லையே. அவர்களைப் போலி என்று நீங்கள் எழுதவில்லை. அந்த ஓட்டுநரின் ‘லவ்’ என்ற சொல்லும் இப்படித்தான். ஷெஃபீல்டு இருக்கும் யார்க்‌ஷயர் வட்டாரத்தில் அது வயது, பால் பாராமல் எல்லாருக்கும் கிடைக்கும் விளி. மதுரைச் சந்தையில் கீரை விற்கும் அம்மாள் உங்களைத் ‘தாயி’ என்று கூப்பிட்டபோது, நான் எப்படி உனக்குத் தாய் என்று கேட்டீர்களா?

இதற்குமேல் அந்த வட்டாரப் பேச்சு வேறொரு அடுக்காக இருக்கிறது. ‘வைல்’ என்றால் அங்கே ‘வரை’ என்று பொருள். கடை ஒன்பது வைல் ஐந்து திறந்திருக்கும் என்பார்கள். ‘நௌட்’ என்றால் ஒன்றுமில்லை. குளிர் தாங்காதவர் ‘நெஷ்’, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவர் ‘மார்டி’. பன் வேண்டுமென்றால் ‘பிரெட்கேக்’ என்று கேட்க வேண்டும். இவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், வெட்கப்படாமல் அர்த்தம் கேளுங்கள். ஷெஃபீல்டுக்காரர்களுக்குத் தங்கள் பேச்சை விளக்கிச் சொல்வதைப்போல மகிழ்ச்சி தருவது வேறில்லை.

நான் க்ரூக்ஸ் மேட்டில், வரிசை வீடுகள் நெருங்கி நின்ற ஒரு தெருவில் குடியிருந்தேன். 2006-இல் எதிர்வீட்டுக்கு மின்னசோட்டாவிலிருந்து ஓர் அமெரிக்க அம்மையார் ஈராண்டுப் பணிக்காக வந்தார், ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய ஊரில் புதிதாகக் குடிவருபவரின் வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் ஹாட்டிஷ் என்ற, அடுப்பில் வைத்துச் சுட்ட உணவை எடுத்துக்கொண்டு போவது வழக்கம். அவர் மேசையைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு மாதமாகியும் யாரும் வரவில்லை. அலுவலகத்தில் அவர் எழுதிய அறிக்கையை மேலாளர் ‘க்வைட் குட்’ என்று சொன்னபோது, மிக நன்று என்று பொருள்கொண்டு மகிழ்ந்து வீடு திரும்பினார். அடுத்த வாரம் அதைத் திருத்தி எழுதச் சொன்னார்கள். அமெரிக்காவில் பாராட்டைக் கூட்டும் அந்தச் சொல், பிரிட்டனில் பெரும்பாலும் அதைக் குறைக்கிறது. நாம் எழுச்சியில்லாமல் ‘பரவாயில்லை’ என்கிறோமே, அதற்கு நெருக்கமானது. அன்று மாலை என் சமையலறையில் அமர்ந்து, நீங்கள் எழுதிய அதே சொல்லை அவரும் சொன்னார்: போலிகள்.

அவருடைய இன்னொரு குறை, பக்கத்து வீட்டுக் கிழவர் தன்னை வேவு பார்க்கிறார் என்பது. எஃகு ஆலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர் அவர். குப்பை வண்டி வந்துபோன ஒவ்வொரு வாரமும், தெருவில் நிற்கும் அம்மையாரின் குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டுபோய் அவர் வாசலுக்குள் வைத்துவிடுவார். தான் ஏதோ விதியை மீறுவதைச் சொல்லாமல் சொல்லிக் காட்டுகிறார் என்று அம்மையார் நினைத்தார். எனக்குத் தாங்கவில்லை. ‘உங்கள் ஹாட்டிஷ் வந்துவிட்டது, முதல் வாரத்திலேயே வந்துவிட்டது, நீங்கள்தான் அதைத் தட்டில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்’ என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். மறுநாள் அவர் நேரே போய்க் கிழவருக்கு நன்றி சொல்லியிருக்கிறார். கிழவர் காது சிவந்து, ‘இட்ஸ் நௌட், லவ்’ என்று முணுமுணுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாராம்.

அந்தப் பிப்ரவரியில் கிழவர் எங்கள் இருவரையும் என்ட்கிளிஃப் பூங்காவுக்கு அழைத்துப் போனார். 1944 பிப்ரவரி 22 அன்று, டென்மார்க்கின் ஆல்போர்க் விமானதளத்தைத் தாக்கச் சென்று சேதமுற்றுத் திரும்பிய ‘மி அமிகோ’ என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் அந்தப் பூங்காவின் மரங்களுக்கிடையே விழுந்து, அதிலிருந்த பத்துப் பேரும் இறந்தார்கள். அங்கே அவர்களுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அன்று பூங்காவில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்களுள் ஒருவரான டோனி ஃபோல்ட்ஸ், தங்களைக் காக்கவே விமானி புல்வெளியைத் தவிர்த்தார் என்று நம்பி, பல ஆண்டுகள் அந்தக் கல்லைத் துடைத்துப் பேணினார். 2019-இல், எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவில், அவருக்காகவே பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் அந்தப் பூங்காவின் மேல் பறந்தன. ஆயிரக்கணக்கானோர் கூடி நின்றார்கள். நாங்கள் போனபோது அந்த ஆரவாரம் எதுவுமில்லை, ஈர இலைகளும் ஒரு மலர்வளையமும்தான் இருந்தன. கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நான்கடி பின்னால் தள்ளி நின்றார். அம்மையார் நெடுநேரம் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த குப்பை நாளில், கிழவர் எழுவதற்கு முன்பே அவருடைய தொட்டி உள்ளே போயிருந்தது. அதன்பிறகு அம்மையார் ஊர் திரும்பும்வரை இருவரும் மாறி மாறி அதைச் செய்தார்கள். அதைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசிக்கொள்ளவில்லை.

தேங்க்ஸ்கிவிங் அன்று அழுததற்காக வெட்கப்படாதீர்கள். அது உங்கள் பண்டிகை. இருபத்திரண்டு ஆண்டுகள் சமைத்து உங்களுடையதாக்கிக்கொண்டது. அந்தப் பண்டிகையோடு சேர்த்து நினைக்கப்படும், ஆங்கிலேயர் அமெரிக்காவில் அமைத்த பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டு பிறந்த ஆஸ்டர்ஃபீல்டு கிராமம், இப்போது நீங்கள் இருக்கும் வீட்டிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரத் தொலைவுதான். அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் நேரே அமெரிக்காவுக்குப் போய்விடவில்லை. முதலில் ஹாலந்துக்குப் போய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் பிழைத்து, பிள்ளைகள் டச்சுக்காரர்களாகிவிடுவார்களோ என்ற அச்சமும் சேர்ந்துகொள்ள, 1620-இல் மறுபடி கப்பலேறினார்கள். இரண்டு முறை நாடு மாறியவர்கள் அந்தப் பக்கத்து மண்ணுக்குப் புதியவர்கள் அல்லர்.

பிப்ரவரி 22 நெருங்குகிறது. முடிந்தால் அன்று காலை என்ட்கிளிஃப் பூங்காவுக்குப் போங்கள். கஃபேயில் கேட்டால் கல் இருக்கும் இடத்தைக் காட்டுவார்கள். யாராவது உங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு அமெரிக்காவில் எந்தப் பக்கம் என்று விசாரித்தால், டெக்சஸ் என்று தயங்காமல் சொல்லுங்கள். உங்கள் தெருவில் குப்பை வண்டி எந்தக் கிழமை வருகிறது, வண்டி போன பிறகு உங்கள் தொட்டியை யார் உள்ளே எடுத்து வைக்கிறார்கள் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா