மெனுவில் 14 தலைப்புகள் இருக்கின்றன, எதை எடுப்பது?

"எங்கள் இணையதள மெனுவில் 14 தலைப்புகள். வருகிறவர்கள் தேடியது கிடைக்காமல் போன் செய்கிறார்கள், எப்படிக் குறைப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு பிரிவுத் தலைவரும் தன் பிரிவு மேலே தெரிய வேண்டும் என்று கேட்டுத்தான் 14 ஆகியிருக்கும். அந்தப் போன்களிலேயே உங்களுக்கு விடை இருக்கிறது.

கோவையில் 11 வருடமாக இணையதளங்களை வடிவமைக்கும் வேலை செய்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையின் தளத்தைச் சீராக்கச் சொன்னார்கள். மெனுவில் 19 தலைப்புகள். முதலில் தலைவர் உரை, அப்புறம் எங்கள் நோக்கம், விருதுகள், நெஃப்ராலஜி, ரேடியாலஜி... நான் இரண்டு நாள் ரிசப்ஷனில் போன் எடுக்கும் அக்காவின் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்தேன். எந்த டாக்டர் எந்தக் கிழமை வருவார், ஓ.பி. எத்தனை மணி வரை, ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்துவிட்டதா, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா, பஸ் ஸ்டாண்டிலிருந்து எப்படி வருவது. திரும்பத் திரும்ப இந்த 5 கேள்விகள்தான். ஒன்றுக்குக்கூட மெனுவில் இடமில்லை.

பிறகு பக்கங்களின் பெயர்களைத் துண்டுச்சீட்டுகளில் எழுதி, காத்திருந்தவர்களிடம் கொடுத்து, எது எதோடு சேரும் என்று பிரித்து வைக்கச் சொன்னேன். கார்டு சார்ட்டிங் என்பது இதுதான். ஒரு பெரியவர் 'நெஃப்ராலஜி' சீட்டைக் காட்டி, "இது என்ன தம்பி?" என்றார். அவர் டயாலிசிஸுக்கு வந்தவர். அன்றே அந்தத் தலைப்பை 'சிறுநீரகம்' என்று மாற்றினேன். தலைவர் உரை பக்கத்தின் அடிக்குப் போனது. தலைவருக்கு வருத்தம்தான், ரிசப்ஷன் நோட்டைக் காட்டியதும் ஒப்புக்கொண்டார்.

7-க்கு மேல் போகக் கூடாது என்று விதி இருக்கிறதே என்று சிலர் வருவார்கள். அந்த 7 பற்றி உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதியது மனதில் நிறுத்திக்கொள்ளும் அளவைப் பற்றி. மெனு கண்ணெதிரே இருக்கிறது, அதை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. 9 தேவையென்றால் 9 வையுங்கள். குறைக்கிறேன் என்று எல்லாவற்றையும் மூன்று கோட்டுப் பொத்தானுக்குள் மட்டும் தள்ளிவிடாதீர்கள். செல்போனில் இடமில்லை, சரி. பெரிய திரையிலும் மறைத்து வைத்தால் பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழ் மெனுவை ஏன் எல்லோரும் கடைசி நாளுக்குத் தள்ளுகிறார்கள்? அகலம், உயரம் எல்லாவற்றையும் ஆங்கிலச் சொல்லுக்கு அளந்துவிட்டுத் தமிழை அதற்குள் திணிக்கிறார்கள். 'முகப்பு' என்ற சொல் இருக்க, 'ஹோம்' என்பதை 'வீடு' ஆக்குகிறார்கள். வரி உயரம் போதாமல் 'சீ'யின் மேல் சுழி வெட்டுப்படுகிறது. அந்த மருத்துவமனையிலும் தளம் வெளியாவதற்கு முந்தைய நாள் மாலைதான் தமிழ்ச் சொற்களை அனுப்பினார்கள். இரவெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானையும் மறுபடி அளந்தேன். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள்.