பள்ளிக்குப் பாதுகாப்பான சமூக வலைதளம்: காசு கொடுக்கும் முன் கேளுங்கள்

கேள்வி: எங்கள் மெட்ரிக் பள்ளியில் 6 முதல் 10 வரை எல்லா வகுப்புக்கும் வாட்ஸ்அப் குரூப்தான். இப்போது ஒரு நிறுவனம் 'மாணவர்களுக்கான பாதுகாப்பான சமூக வலைதளம்' என்று ஒரு செயலியைக் கொண்டு வந்திருக்கிறது. மாணவருக்கு ஆண்டுக்கு 250 ரூபாய். மூன்றாண்டுப் பணம் முன்கூட்டியே வேண்டுமாம். வாங்கலாமா?

பதில்: வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியே வர நினைப்பது சரி. சாதாரண குரூப்பில் ஒவ்வொருவர் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். நாற்பது பேர் வகுப்பில் ஒரு மாணவியின் அம்மா எண் மற்ற முப்பத்தொன்பது வீட்டுக்கும் போய்விடுகிறது. பிறகு குரூப்பிலிருந்து விலகினாலும், சேமித்து வைத்த எண்ணைத் திரும்பப் பெற வழியில்லை.

ஆனால் அதற்காக உடனே காசு கொடுக்க வேண்டியதில்லை. அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கு கூகுள் வொர்க்ஸ்பேஸ் ஃபார் எஜுகேஷனின் அடிப்படைப் பதிப்பு இலவசம். பாடம், வீட்டுப்பாடம் பகிர உதவும் கூகுள் கிளாஸ்ரூம் அதிலேயே இருக்கிறது. பள்ளியின் பெயரில் ஒரு இணைய டொமைன் (இணைய முகவரி) மட்டும் வேண்டும். விண்ணப்பித்தால், உண்மையான பள்ளிதானா என்று சரிபார்த்த பிறகு அனுமதி வரும். மாணவர் கணக்குகளைப் பள்ளியே உருவாக்கும். கடவுச்சொல் மறந்தால் பள்ளியே மாற்றித் தரும். படிப்பு முடிந்ததும் பள்ளியே மூடும். கணக்கு யார் கையில் இருக்கிறது என்பதுதான் பாதுகாப்பின் அடித்தளம். சர்வர் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால், பள்ளியே நிறுவி நடத்தும் மூடுல் (Moodle) என்ற இணைய வகுப்பறை மென்பொருளும் நல்லது. மென்பொருள் இலவசம், சர்வர் செலவு உங்களுடையது.

அப்படியும் அந்தச் செயலிதான் வேண்டுமென்றால், விற்பனையாளர் தன் லேப்டாப்பில் காட்டும் ஆசிரியர் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டு மாணவர் கணக்கு கேட்டு வாங்கி, இரண்டு போனில் நீங்களே திறந்து பாருங்கள். ஒரு மாணவர் இன்னொருவருக்கு ஆசிரியர் கண்ணில் படாமல் தனிச்செய்தி அனுப்ப முடிகிறதா? வேறு பள்ளி மாணவரின் பெயரைத் தேடினால் வருகிறதா? ஒரு தவறான வார்த்தையைப் பதிவிட்டு உடனே அழித்துவிடுங்கள். அழித்த பதிவு ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். கடைசியாக, லாகின் செய்யாத பிரவுசரில் மாணவர் பக்கத்தின் இணைப்பைத் திறந்து பாருங்கள். படமோ பெயரோ தெரிந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

மூன்றாண்டுப் பணம் முன்கூட்டியே வேண்டவே வேண்டாம். வகுப்பறைக்கென்றே 2008-ல் தொடங்கிய எட்மோடோ உலகம் முழுக்க ஆசிரியர்கள் நம்பிப் பயன்படுத்திய தளம். 2017-ல் அதன் கோடிக்கணக்கான பயனர்களின் விவரம் திருடு போனது. 2022 செப்டம்பரில் கடையையே மூடினார்கள். பாடக் குறிப்பு, மதிப்பெண் எல்லாவற்றையும் மூடுவதற்கு முன்பே தரவிறக்காதவர்களுக்கு இழப்புதான். மறு ஆண்டு, குழந்தைகளின் விவரங்களைப் பெற்றோர் சம்மதமின்றித் திரட்டி விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதாக அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் அதன்மீது வழக்கும் போட்டது. ஆகவே ஓராண்டு ஒப்பந்தம் மட்டும் போடுங்கள். விளம்பரம் கிடையாது, கேட்டால் எல்லாத் தரவும் எக்ஸெல் கோப்பாகக் கிடைக்கும், ஒப்பந்தம் முடிந்தால் இத்தனை நாளில் அழிக்கப்படும் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். 250 ரூபாயில் ஜிஎஸ்டி அடக்கமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கிளாஸ்ரூமில் யாரோ வெளியாள் நுழைந்து ஸ்ட்ரீமில் (வகுப்பின் பொதுப் பதிவுப் பக்கத்தில்) அசிங்கமாக எழுதிவிட்டார். எப்படித் தடுப்பது?

பதில்: வகுப்புக் குறியீடு ஏதோ ஒரு குரூப்பில் பகிரப்பட்டிருக்கும். முதலில் 'பீப்பிள்' பகுதியில் அந்த ஆளை நீக்குங்கள். பிறகு பல்சக்கரக் குறியை அழுத்தி, செட்டிங்ஸில் அழைப்புக் குறியீட்டை மாற்றுங்கள். எல்லா மாணவரும் சேர்ந்துவிட்டார்கள் என்றால் அணைத்தே விடுங்கள். பலர் ஆளை நீக்கிவிட்டுக் குறியீட்டை அப்படியே விடுகிறார்கள். அதே ஆள் வேறு பெயரில் பத்து நிமிடத்தில் திரும்ப வருவது அதனால்தான். வீடியோ வகுப்புக்கான மீட் இணைப்பையும் மாற்றுங்கள்.

அதே செட்டிங்ஸில் ஸ்ட்ரீமுக்கு மூன்று நிலை உண்டு: மாணவர் பதிவும் கருத்தும் இடலாம், கருத்து மட்டும் இடலாம், ஆசிரியர் மட்டுமே எழுதலாம். நடுநிலைப் பள்ளிக்கு இரண்டாவது போதும். முழுக்க அடைத்துவிட்டால் சந்தேகம் கேட்கும் பிள்ளையும் வாயை மூடிக்கொள்ளும். பேச்சு மறுபடி வாட்ஸ்அப்புக்கே போகும். அழித்தவற்றைக் காட்டும் பொத்தானையும் போட்டு வையுங்கள். பள்ளி டொமைன் இருந்தால், வெளிக் கணக்குகள் சேரவே முடியாதபடி அட்மின் பூட்டிவிடலாம். சொந்த ஜிமெயிலில் நடத்தும் வகுப்பில் அந்தப் பூட்டு கிடையாது.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டு ஜிமெயில் திறக்கச் சொல்கிறார் வகுப்பாசிரியை. செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். இந்தியாவில் 13 வயதுக்குக் கீழே உள்ளவர் தானாக ஜிமெயில் திறக்க முடியாது. பொய் வயது கொடுத்தால், சிறுவர்களுக்கென்று வைத்திருக்கும் தடுப்புகள் அந்தக் கணக்குக்கு வராது. உண்மை தெரிந்தால் கணக்கு முடங்கும், வீட்டுப்பாடமும் அதோடு போகும். பள்ளிக் கணக்கு தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்கள் விவரத்தைக் கையாள, சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. என்ன விவரம், எதற்கு, எத்தனை நாள் என்பது சம்மதப் படிவத்தில் இருக்கட்டும்.

பள்ளிக் கணக்கு வந்த பிறகு 'வகுப்பைக் காணோம்' என்று பிள்ளை சொன்னால் பதற வேண்டாம். போனில் உங்கள் ஜிமெயில் திறந்திருக்கும். மேலே உள்ள வட்டப் படத்தைத் தொட்டு, பள்ளிக் கணக்குக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

கேள்வி: வகுப்புக் குரூப்பில் ஒரு மாணவியின் ஆபாசப் படம் வந்துவிட்டது. ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அட்மின் மட்டும் எழுதலாம் என்று குரூப்பை உடனே மாற்றுங்கள். அனுப்பிய எண், தேதி, நேரம் மூன்றையும் தாளில் எழுதுங்கள். ஆதாரத்துக்கு என்றுகூடப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். குழந்தையின் ஆபாசப் படத்தைப் பகிர்வதே குற்றம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் சொல்வது கட்டாயம், பள்ளிக்குள் பேசி முடிக்க அனுமதியில்லை. குழந்தைகள் உதவி எண் 1098. அன்றே அந்த மாணவியின் பெற்றோரை நேரில் பாருங்கள். செய்தி குரூப் வழியாக அவர்களுக்குப் போய்ச் சேரக் கூடாது.