ஞாயிறை நம்பினால் வயலின் பெட்டிக்குள்தான் இருக்கும்

கேள்வி: வட இலங்கைச் சங்கீத சபையின் நான்காம் தரம் வரை வயலின் படித்தேன். கல்யாணத்தோடு நின்றுபோய் 12 வருடம். சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போய்வந்து, பின்னேரம் பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றி இறக்கினால் நாள் முடிந்துவிடுகிறது. ஞாயிறுகளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினேன். ஒரு மாதமும் நிலைக்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: யாழ்ப்பாணத்தில் ஞாயிறு யாருக்குச் சொந்தம்? கல்யாண வீடு, சாமத்திய வீடு, அந்தியேட்டி என்று யாராவது அதை முதலே எடுத்துவிடுவார்கள். விட்டுவிடுங்கள். வேலை நாட்களில் காலையில் 20 நிமிடம் போதும். ஐந்து நாளையும் கூட்டினால் 100 நிமிடம், நீங்கள் ஒதுக்கியதை விடக் குறைவுதான். ஆனால் ஞாயிறன்று படிந்த விரல் அடுத்த ஞாயிறுக்குள் மறந்துவிடும். நேற்றுப் படிந்தது இன்றைக்கும் கையில் இருக்கும்.

அந்த 20 நிமிடத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் ஆரம்பப் பாடமான சரளி வரிசையில் தொடங்கி, கைக்குப் பழகிய கீர்த்தனையை இரண்டு தரம் வாசித்துவிட்டு எழும்பிவிடுவார்கள். மனதுக்குச் சுகம், வாசிப்பு நின்ற இடத்திலேயே நிற்கும். பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களைப் பற்றி அண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வு, குறையைத் தேடித் திருத்தும் பயிற்சியைத்தான் வலியுறுத்தியது. (அந்த மாணவர்களுக்குப் பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றி இறக்கும் வேலை இல்லை, அவர்களின் மணிக்கணக்கை விட்டுவிட்டு முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.)

உதாரணமாக, மோகன ராக வர்ணத்தில் க என்ற ஸ்வரத்தில் இருந்து ப-வுக்குத் தாவும் இடம் பிசகுகிறது என்று வைப்போம். முழு வர்ணத்தையும் வாசிக்க வேண்டாம். அந்த ஒரு ஆவர்த்தனத்தை (ஒரு தாளச் சுற்றை) மட்டும் பாதி வேகத்தில் எடுங்கள். பிசகு விரலிலா, வில்லிலா? வில்லை வைத்துவிட்டு விரலை மட்டும் நகர்த்திப் பாருங்கள். பிறகு வெறும் தந்தியில் வில்லை மட்டும் இழுங்கள். எது தடுமாறுகிறதோ அதில் பத்து நிமிடம். போனில் பதிந்து கேட்டால் காது பொய் சொல்லாது. முடித்ததும் ‘நாளைக்கு க-ப, இரண்டாம் காலம் (இரட்டை வேகம்)’ என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள். காலையில் என்ன வாசிப்பது என்று யோசித்தே பாதி நேரம் போய்விடும் என்பதால்தான் சொல்கிறேன்.

ரியூசன் வாசலில் காத்திருக்கும்போது தொடையில் தாளம் போட்டு அந்த ஸ்வரங்களை மனதுக்குள் பாடலாம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வீடு தலைகீழாகிவிட்டால் ஐந்து நிமிடம் வெறும் தந்தி இழுங்கள், சரி.

தொடங்குமுன் வயலினைக் கவனியுங்கள். 12 வருடத் தந்திகள் துருப்பிடித்திருக்கும். நான்கையும் ஒரேயடியாகக் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் தந்திகளைத் தாங்கும் குதிரை விழுந்து, உள்ளே நிற்கும் சிறு குச்சியும் சரிந்துவிடும். அந்தக் குச்சியை நிமிர்த்தத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டிவரும்.