வீடு கட்டும்போது ஆட்களுக்கு ஹெல்மெட், பெல்ட் வாங்கித் தருவது யார் பொறுப்பு?

காண்ட்ராக்டர் பொறுப்புதானுங்க. நானும் கோபிசெட்டிபாளையம், அந்தியூர் பக்கம் சின்னச் சின்ன வீடு எடுத்துச் செய்யறவன்தான். வாங்கி வச்சிருக்கேன், போட வைக்கறதுதான் பாடு. "மண்டை வேகுதுங்ணா"ன்னு கழட்டி ஜாக்கியில, அதான் கான்கிரீட்டுக்கு அடியில குடுக்கற இரும்பு முட்டுல, மாட்டிருவானுக.

ஆனா நீங்க வீட்டுக்காரர்னு நினைக்கறேன். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சாச்சுங்களா? எனக்குப் பயமே அங்கதான்.

ஒரு வீடு. ஹால் 16 அடி அகலம், முன்னாடி போர்டிகோ வெளிய நீட்டிட்டு நிக்குது. கான்கிரீட் போட்டு ஒரு வாரம்தான் இருக்கும். தை முகூர்த்தம், டைல்ஸ்காரர் காத்திருக்கார், கான்கிரீட்டைத் தாங்கற முட்டுகளைப் பிரிங்கன்னார் வீட்டுக்காரர். நாலரை மீட்டரைத் தாண்டினா 14 நாள் முட்டு நிக்கணுமுங்க, 16 அடி தாண்டிருதுன்னு சொன்னேன். தலையாட்டிட்டு, நான் வேற சைட்டுக்குப் போன நேரம் பார்த்து முட்டு, பலகை அடிக்கற சென்ட்ரிங் பசங்க கையில பணத்தைக் குடுத்துட்டார். அதுல ஒருத்தன்தான் போன் போட்டான்: "அண்ணா, பிரிக்கச் சொல்றாருங்ணா, என்ன பண்ணட்டும்?"

போய்ப் பார்த்தா, போர்டிகோவுல சுவத்தோரத்து முட்டை மொதல்ல தட்டிட்டிருக்கானுக. நீட்டி நிக்கற ஸ்லாபுக்கு நுனியில இருந்துதான் உள்ள வரணும். அதுக்குக் கம்பி மேல்பக்கம் ஓடுது. உள் முட்டை எடுத்துட்டு நுனி முட்டை விட்டு வச்சா நடுவுல தொங்கி, கம்பி இல்லாத அடியில வெடிப்பு விடும். விட்டுச்சுன்னா சுத்தியலோட கீழ நிக்கறவன் மேலதான். ஹெல்மெட் அதைத் தாங்குமா?

அங்கயே சேரைப் போட்டு உக்காந்துட்டேன். ஊரே கேக்கற மாதிரி சண்டை. முகூர்த்தம் தள்ளிப்போச்சு. விசேஷத்துக்கு எனக்கு அழைப்பு இல்ல, பாக்கி இன்னும் வரல. பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான்னே வச்சுக்குங்க.

இஞ்சினியருங்க யாராச்சும் வந்து "கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 படி முட்டைத் திருப்பி வச்சுக்கறதா இருந்தா 3 நாள்லயே ஸ்லாபுக்கு அடியில இருக்கற சென்ட்ரிங் ஷீட்டை எடுக்கலாமே"ம்பீங்க. தெரியுமுங்க. எடுத்த முட்டைத் திருப்பி வைக்கற ஆளை நம்ம ஊர்ல எனக்குக் காட்டுங்க.

நீங்க காசு செலவு பண்ணியே ஆகணும்னா சித்தாள் அக்காங்களுக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கிக் குடுங்க. ஈர சிமெண்ட் தோலை அரிக்கற காரம். செருப்புக்குள்ள போன சிமெண்ட் பால் சாயங்காலம் வரைக்கும் விரலிடுக்குல ஊறும். ராத்திரி தோல் உரிஞ்சு சின்னச் சின்ன ஓட்டை விழுந்திருக்கும். தேங்காய் எண்ணெயைத் தடவிட்டு மறுநாள் வேலைக்கு வந்துருவாங்க, வாய் திறந்து சொல்ல மாட்டாங்க. கால் கழுவ ஒரு வாளி நல்ல தண்ணியும் தனியா வைங்க.

இத்தனையும் பார்த்துப் பார்த்துச் செஞ்சாலும், பொண்ணு கேட்டுப் போனா "கட்டட வேலைங்களா?"ன்னு இழுக்கறாங்க. என் தம்பிக்கு ஜாதகம் தூக்கியே எங்கப்பாவுக்குச் செருப்பு தேஞ்சுபோச்சு. அதே சனம் வீடு கட்டறப்ப ராத்திரி பதினோரு மணிக்கு போன் போடும். அது வேற கதை, விடுங்க.

கான்கிரீட்டுக்கு முன்னாடி மேஸ்திரிகிட்ட, ஆளுங்க எல்லாம் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்துல பதிஞ்சிருக்காங்களான்னு கேளுங்க. 18-லிருந்து 60 வயசு வரைக்கும் பதியலாம். பிளான் அப்ரூவலப்ப கட்டடச் செலவுல 1 சதவீதம்னு உங்ககிட்ட வாங்கியிருந்தா, அது இதுக்குத்தான் போகுது. பாதிப்பேர் அட்டையைப் புதுப்பிக்காமயே வச்சிருப்பாங்க, அதையும் பார்க்கச் சொல்லுங்க.