ஆபீஸில் கிறிஸ்துமஸ், கோயிலில் திருவருகைக்காலம்: வீட்டில் எதை வைத்துக்கொள்வது?

கேள்வி: சென்னையில் ஐடி வேலை பார்க்கிறேன். டிசம்பர் பிறந்ததும் ஆபீஸில் மரம் வைத்து, யாருக்கு யார் ரகசியமாகப் பரிசு தருவது என்று 'கிறிஸ்மா கிறிஸ்சைல்டு' சீட்டு எடுத்து, 20ஆம் தேதிக்குள் பார்ட்டியையும் முடித்துவிடுகிறார்கள். வீட்டிலும் மரம் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். 24ஆம் தேதி இரவுக்கு முன் எதுவும் கூடாது என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் மாமியாரின் அக்கறை நியாயமானது. ஆனால் திருச்சபையில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. வத்திக்கானில் புனித பேதுரு சதுக்கத்தில் 1982 முதல் மரம் வைக்கிறார்கள், அதில் விளக்கேற்றுவதே கிறிஸ்துமஸுக்குப் பல நாள் முன்பு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட காத்திருப்பின் காலம்தான் திருவருகைக்காலம். அதன் நிறம் ஊதா என்பதால் இதை, ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலத்தைப் போல இன்னொன்றாக நினைக்க வேண்டாம். ஞாயிறு திருப்பலியில் வானவர் கீதம் பாடுவதில்லை, அல்லேலூயா மட்டும் தொடர்கிறது. தவக்காலத்தில் இரண்டுமே நின்றுவிடும். பெத்லகேம் வயல்வெளியில் வானதூதர்கள் பாடிய பாட்டு என்பதால், வானவர் கீதத்தைக் கிறிஸ்துமஸ் இரவுக்கென்று எடுத்து வைக்கிறோம்.

வீட்டிலும் இதையே செய்யுங்கள். எல்லாவற்றையும் தடுக்க வேண்டியதில்லை. சிலவற்றை மட்டும் எடுத்து வைத்து, நாள் நெருங்க நெருங்க வெளியே கொண்டுவாருங்கள்.

இந்தக் காலத்துக்குள்ளேயே இரண்டு பகுதிகள் உண்டு. டிசம்பர் 16 வரை வாசகங்களும் செபங்களும் ஆண்டவரின் இரண்டாம் வருகையையே அதிகம் நினைவூட்டும். 17 முதல் 24 வரை பெத்லகேமை நோக்கித் திரும்பும். அதனால் முதல் ஞாயிறன்று நட்சத்திரத்தைக் கட்டிவிட்டு, 17ஆம் தேதி மாலை முதல் விளக்குப் போடலாம். மரத்தையும் அன்று வைக்கலாம். பிள்ளைகளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் கிடைக்கும், மாமியாருக்கும் இது வழிபாட்டு ஒழுங்கை ஒட்டியது என்று புரியும்.

நான் அதிகம் வலியுறுத்துவது குடிலைத்தான். அதை ஒரே நாளில் கட்டி முடிக்காதீர்கள். முதல் வாரம் கொட்டகையும் வைக்கோலும் போதும். அடுத்து மாடு, கழுதை, ஆடுகள். மாதாவும் சூசையப்பரும் வீட்டின் வேறு மூலையிலிருந்து கிளம்பி, நாளுக்குக் கொஞ்சமாக நகர்ந்து வரட்டும். நகர்த்துகிற வேலை பிள்ளைகளுடையது. குழந்தை இயேசு சுரூபம் மட்டும் 24ஆம் தேதி இரவுத் திருப்பலி முடிந்து வந்த பிறகுதான். ரோமில் மூன்றாம் ஞாயிறன்று சிறுவர்கள் தங்கள் வீட்டுக் குழந்தை இயேசு சுரூபத்தைச் சதுக்கத்துக்குக் கொண்டுவர, திருத்தந்தை மந்திரிப்பது வழக்கம். நீங்களும் அந்த ஞாயிறு பங்குத்தந்தையிடம் கொடுத்து மந்திரித்து வாங்கலாம்.

ஞாயிறுக்கு ஒன்றாக மெழுகுவர்த்தி ஏற்றும் திருவருகை வளையத்துக்கு மூன்று ஊதா, ஒரு ரோஜா நிற மெழுகுவர்த்தி. கிடைக்காவிட்டால் நான்கு வெள்ளை மெழுகுவர்த்திகளில் ரிப்பன் கட்டுங்கள். சவுக்குக் கிளையைச் சுற்றி வைத்தால் அழகாக இருக்கும். ஆனால் அது காய்ந்ததும் சட்டென்று பற்றிக்கொள்ளும், வாரா வாரம் மாற்றுங்கள். இரவு சாப்பாட்டுக்கு முன் ஏற்றி, அன்றைய நற்செய்தியில் சில வரிகள் வாசித்தால் போதும். டிசம்பர் 17 முதல் 23 வரை திருச்சபை மாலைப் புகழ் என்ற மாலைச் செபத்தில் மீட்பரை ஒவ்வொரு நாளும் ஒரு பெயரால் அழைக்கிறது. 'ஞானமே' என்று தொடங்கி 'இம்மானுவேலே' என்று முடியும் அந்த ஏழு அழைப்புகளை வீட்டிலும் சொல்லுங்கள். எனக்கு இந்த ஏழு மாலைகள்தான் திருவருகைக்காலத்தின் உயிர்.

ஆபீஸ் பார்ட்டிக்குத் தாராளமாகப் போங்கள். நம் ஆண்டவரின் பிறப்பை ஒட்டித்தான் அந்தக் கூட்டமே நடக்கிறது, அதில் நாம் ஒதுங்கி நிற்பது அழகல்ல. சக ஊழியர் கேட்டால், நாங்கள் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறோம் என்று மகிழ்ச்சியோடு சொல்லுங்கள். பார்ட்டி வெள்ளிக்கிழமை என்றால் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். ஆண்டின் எல்லா வெள்ளியும் தவ நாள்தான், அதில் டிசம்பரும் சேர்த்தி. பிரியாணியைத் தவிர்ப்பதா, வேறு தவச்செயல் செய்வதா என்பதை உங்கள் மறைமாவட்ட வழக்கப்படி முடிவு செய்யுங்கள்.

குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளில் திருமுழுக்கு யோவான் மனம் மாறக் கூப்பிடுகிறார், அப்போதே போய்விடுங்கள். வரிசையும் குறைவு, ஃபாதருக்கும் நிதானமாகப் பேச நேரம் இருக்கும்.

அப்புறம், எடுத்து வைத்ததையெல்லாம் கொண்டாடவும் வேண்டும். இதைத்தான் நம் வீடுகளில் பலர் விட்டுவிடுகிறோம். கிறிஸ்துமஸ் காலம் தொடங்குவதே 24ஆம் தேதி மாலைதான். அது ஜனவரியில் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவரை நீள்கிறது. 26ஆம் தேதியே மரத்தைக் கழற்றாதீர்கள். மூன்று ஞானிகள், ஜனவரி தொடக்கத்தில் வரும் திருக்காட்சிப் பெருவிழா அன்றுதான் குடிலுக்கு வந்து சேர வேண்டும். கேக்கிலும் அதிரசத்திலும் பாதியை 25க்குப் பிறகு என்று வைத்து, ஆபீஸ் நண்பர்களை 27 அல்லது 28ஆம் தேதி வீட்டுக்குச் சாப்பிட அழையுங்கள். அந்த வாரம் பலர் விடுப்பில் இருப்பார்கள், அதனால் டிசம்பர் முதல் வாரத்திலேயே சொல்லிவையுங்கள்.